தனம் பாதியில் நிறுத்திய வால்ட்ஸ்

1

இந்த நாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு வாரத்துக்கு ஒரு காகிதம் உண்டு. பல் பரிசோதனைக்கு ஒன்று, மியூசியத்துக்குக் கூட்டிப்போக ஒன்று, நீச்சலுக்கு ஒன்று. படித்துப் பார்த்து, கட்டத்தில் ஒரு குறி போட்டு, கையெழுத்திட்டு மறுநாளே பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் 'மிஸ் உமா பழனியப்பன்' என்று டைப் அடித்திருக்கும். பழனியப்பன் என் மாமனார். லெஸ்டருக்கு வந்து இறங்கிய வாரம் ஏதோ ஒரு ஆபீசில் எங்கள் குடும்பப் பெயரைக் கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளுக்குக் கட்டத்தைக் காலியாக விட அதிகாரமில்லை. சரி, அப்பா பேரைச் சொல்லுங்கள் என்றாள். உயிரோடு இருந்தவரை திண்டுக்கல்லைத் தாண்டாத மனுஷர், செத்துப் பல வருடம் கழித்து இங்கிலாந்துப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஏறிவிட்டார்.

போன செப்டம்பரில் வந்த காகிதம் டான்ஸ் பற்றியது. இங்கே நாலாம் ஃபாரம் என்கிற வகுப்புப் பெண்களுக்கு, அதாவது உமாவைப் போன்ற பதினாலு வயதுப் பெண்களுக்கு, ஜோடியாக ஆடும் நடனம் கற்றுத்தரப் போகிறார்கள். முதலில் பெண்களே பெண்களோடு. பிறகு பக்கத்து ஆண்கள் பள்ளிப் பையன்களோடு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு விழா. சம்மதமா, சம்மதமில்லையா?

சம்மதமில்லை என்ற கட்டத்தில் நான் குறி போட்டபோது அடுப்பில் வைத்த காப்பித் தண்ணீர்கூடக் கொதித்திருக்கவில்லை. அவ்வளவு வேகம்.

உமா அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். ஏன் என்று இங்கிலீஷில் கேட்டாள். தமிழில் கேள் என்றேன். தமிழில் கேட்டாள். நம் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை என்றேன்.

"நீங்க ஆடியிருக்கீங்கம்மா. கொடைக்கானல்ல. அப்பா சொன்னான்."

அப்பா சொன்னார் என்று திருத்தினேன். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு மரியாதை விகுதி நாக்கில் நிற்பதில்லை. நாய்க்கும் அப்பாவுக்கும் ஒரே வினைமுற்றுதான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்தத் திருத்தம் எனக்கு நல்ல ஒளிவிடமாக இருந்தது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பெற்றவள் வேண்டாம் என்றாள், அவ்வளவுதானே. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பெயர் தனலட்சுமி, நாங்கள் தனம் என்போம். பத்து வருடமாக அவள் என்னோடு பேசவில்லை. கொடைக்கானலில் ஒரு சனிக்கிழமை நடந்த டான்ஸில் அறுந்த பேச்சு அது. தப்பு யார் பக்கம் என்பது எனக்கு அன்றைக்கே பாதி தெரியும். முழுசும் தெரிந்துகொள்ள இந்தக் காகிதம் வர வேண்டியிருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இவர் பெருமாள்மலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கிளார்க்காகச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேற, காலியான நாற்காலிகளில் நம்மவர்களை உட்காரவைத்தார்கள். அப்படி இவரும் உதவி மேனேஜர் ஆனார். தோட்டத்து ஆட்கள் மறுநாள் காலையிலிருந்தே சின்னதுரை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இவருக்கு முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரம் அப்படிக் கூப்பிடாதவன் மேல் கோபம் வந்தது.

பங்களா வந்தது, ஜீப் வந்தது, கம்பளிக் கோட்டு வந்தது. கூடவே கொடைக்கானலில் ஒரு கிளப்பில் இடமும் வந்தது. சீசன் நடக்கும் இரண்டு மாதமும் அங்கே சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டீயும் டான்ஸும். கிளப்பில் ஆண்கள் ஏராளம், ஆடப் பெண்கள் போதவில்லை. பெரிய மேனேஜர் அப்போதும் வெள்ளைக்காரர்தான். அவர் மனைவியை எஸ்டேட்டில் எல்லோரும் துரைசானி என்போம். உன் மனைவியை அனுப்பு, நான் கற்றுத்தருகிறேன் என்று அவள் இவரிடம் சொல்லியனுப்பினாள். சின்னதுரை ஆனபின் இதற்கெல்லாம் முடியாது என்று சொல்ல முடியுமா?

நான் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகள். தைப்பூசக் கூட்டத்தில் மலையேறும்போது அம்மா என்னையும் தனத்தையும் கைப்பிடிச் சுவரோரமாக விட்டு, தான் வெளிப்பக்கம் வருவாள். ஆம்பிளை தோள் எங்கள்மேல் பட்டுவிடக் கூடாது. உச்சிக்குப் போய்ச் சேரும்போது முருகனைக் கும்பிடத் தெம்பில்லாமல் அம்மாவின் இடது தோள் வலித்துக் கிடக்கும். அப்படி வளர்ந்தவளை ஒரு புதன்கிழமை துரைசானி தன் ஹாலில் நிறுத்தி, கிராமபோனைச் சுற்றிவிட்டு, தானே ஆணாக நின்று என் முதுகில் கைவைத்தாள்.

காலடிகளோடு மரியாதைகளையும் சொல்லிக்கொடுத்தாள். அதையெல்லாம் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தேன். ஆண் வந்து கேட்டால் எழுந்திருக்க வேண்டும். வெறுமனே மறுக்கக் கூடாது. களைப்பு என்று சொல்லி மறுத்தால் அந்தப் பாட்டு முடியும்வரை வேறு யாரோடும் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் நன்றி சொல்ல வேண்டும். எப்படிச் சரி என்று சொல்வது என்பதற்கு அவள் எனக்கு நாலு வாக்கியம் கற்றுத்தந்தாள்.

முதல் முறை என்னோடு ஆடியவர் பெரிய மேனேஜர். அவர் கை என் தோள்பட்டைக்குக் கீழே தட்டையாக, கண்ணாடிச் சாமானைத் தொடுவது போல இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குழந்தை நிற்கலாம், அவ்வளவு இடைவெளி. அப்படி இருந்தும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பங்களாவுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். இவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

நாலைந்து வாரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் கை எங்கே இருக்கிறது என்று கவனிக்காமல் காலடியை மட்டும் எண்ணுவது. ஒன், டூ, த்ரீ. யார் பிடித்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று ஆக்கிக்கொண்டேன். அதைப் பெரிய சாமர்த்தியம் என்றுகூட நினைத்தேன்.

3

ஐம்பத்தெட்டாம் வருட சீசனுக்குத் தனம் எங்களோடு தங்க வந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலை உத்தரவுக்குக் காத்திருந்தாள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையும் முக்கால்வாசி முடிவாகியிருந்தது.

என்னை மாதிரி இல்லை அவள். புதன்கிழமை துரைசானி வீட்டுக்குத் துணைக்கு வந்தவள், மூன்றே புதன்கிழமையில் என்னைவிட நன்றாக ஆடினாள். அவளுக்கு அதில் கூச்சமே இல்லை. நாலு வயது உமாவைத் தன் பாதத்தின் மேல் ஏற்றி நிறுத்திக்கொண்டு பங்களா ஹால் முழுக்கச் சுற்றுவாள். இது என்னடி பைத்தியம் என்று கேட்டேன்.

"கணக்கு மாதிரி இருக்குக்கா. ரெண்டு பேரும் பேசிக்கிடாமயே ஒரு கணக்கப் போட்டு முடிக்கிறோம். தப்பு வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல தெரியுது."

அவள் அந்த ஹாலில் சுற்றியது போல சந்தோஷமாக ஒரு பெண்ணை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னால் அவளையே அப்படிப் பார்த்ததில்லை.

அந்தச் சமயம் மெட்ராஸிலிருந்து விசிட்டிங் ஏஜெண்ட் வந்து இறங்கினார். கம்பெனிக்காக எஸ்டேட்டுகளைச் சுற்றிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர். நம் தமிழர்தான், ஐம்பதைத் தாண்டியவர், அழகான இங்கிலீஷ், வாசனைப் புகையிலை. இவருடைய வேலை நிரந்தரமாவதா, திரும்பக் கிளார்க் நாற்காலிக்கா என்பது அவருடைய ரிப்போர்ட்டில் இருந்தது. மூன்று வாரம் தங்கினார். இவர் மூன்று வாரமும் சரியாகத் தூங்கவில்லை.

முதல் சனிக்கிழமை ஏஜெண்ட் தனத்தோடு ஒரு பாட்டு ஆடினார். முடிந்ததும் அவள் என்னைப் பெண்கள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முந்தானை ஊசி கழன்றிருந்தது. நான் அதைக் குத்திக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அக்கா, அந்தாளு கூட நான் இனிமே ஆடல. அவரு பிடிக்கிற பிடி சரியில்ல."

"டான்ஸுன்னா பிடிக்காமயா ஆடுவாங்க?"

"பெரிய தொரையும்தான் பிடிச்சாரு. அது வேற. இவரு இழுத்து வச்சுக்கிறாரு. நான் பின்னால சாஞ்சா கை இன்னும் இறுகுது. முழங்கைய வெறைச்சு வச்சுப் பாத்தேன். விடல."

அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். பெரிய மேனேஜர் கையும் ஏஜெண்ட் கையும் வேறு வேறு என்கிறாளே, என்ன வேறு என்றுதான் நினைத்தேன். எல்லாத் தொடுகையும் தப்பு என்று வளர்த்தார்கள். பிறகு எல்லாவற்றையும் சகித்துக்கொள் என்று ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். இதில் எந்தத் தொடுகை மட்டும் தப்பு என்று பிரித்துப் பார்க்க எனக்கு எங்கே தெரியும்? தனத்துக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு ஆடப் பிடித்திருந்ததால் தெரிந்திருந்தது.

நான் சொன்னது இது.

"இன்னும் ரெண்டு சனிக்கெழமைதான். மாமா சோலி அவரு கையில கெடக்கு. பல்லக் கடிச்சுக்க."

அவள் என் கையிலிருந்து ஊசியை வாங்கித் தானே குத்திக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஏஜெண்ட் எங்கள் மேஜைக்கு வந்தார். தனம் களைப்பாக இருக்கிறது என்றாள். அவர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, உங்கள் தங்கைக்கு என்மேல் என்ன கோபம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்து மேஜையில் துரைசானி. எதிரே இவர், கையில் டீ கோப்பையோடு. நான் "போ தனம்" என்றேன்.

போனாள். வால்ட்ஸ், ஜோடி ஜோடியாக ஹாலைச் சுற்றி வரும் ஆட்டம். நடுவில், பாட்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டாள். அவர் கையைத் தன் முதுகிலிருந்து எடுத்து அவரிடமே கொடுப்பது போல இறக்கிவிட்டு, ஹாலைக் குறுக்காகக் கடந்து வாசலுக்கு நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். சுற்றிலும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏஜெண்ட் ஒரு கணம் ஏந்திய கையோடு நின்றார், பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்தார். கிராமபோன் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

பங்களாவுக்குள் நுழைந்ததும் நான் பேசினேன். எங்க மானத்த வாங்கிட்ட என்றேன். ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது, நாலு பேர் நடுவில் இருக்கத் தெரிய வேண்டும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. தனம் மறுநாள் வெள்ளனே எழுந்து, டிரங்குப் பெட்டியைத் தோட்டத்து ஆள் ஒருவர் தலையில் ஏற்றிக்கொண்டு பெருமாள்மலைக்கு நடந்து, வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த உமாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள் என்று சமையல்காரர் சொன்னார்.

4

ஏஜெண்ட் நல்ல ரிப்போர்ட்டே எழுதினார். இவர் வேலை நிரந்தரமாயிற்று. தனத்தின் மேல் எங்களுக்கு இருந்த கோபத்துக்கு அதோடு முகாந்திரமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் விட்டோமா? அவள் முதலில் எழுதட்டும் என்று இருந்தேன்.

அதற்குள் விஷயம் மலையிறங்கிவிட்டது. அப்பா கடைக்கு மலைவாழைப்பழம் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துதான் போகும். பழத்தோடு சேர்ந்து சேதியும் போயிற்று. உங்க சின்ன மக கொடைக்கானல்ல வெள்ளைக்காரன் கூடக் கைகோத்து ஆடுதாமே என்று ஒரு வியாபாரி கடையில் வைத்தே கேட்டாராம். இரண்டு நாளில் அது ஒட்டன்சத்திரத்துக்கும் எட்டிவிட்டது.

அப்பா கடையை அடைத்துவிட்டு, மூன்று பஸ் மாறி எங்கள் பங்களாவுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார். காப்பி கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று.

"யாரும்மா அவள அங்க கூட்டிட்டுப் போனது?"

நான்தான் அப்பா. நான்தான் கூட்டிப்போனேன், நான்தான் ஊசி குத்திவிட்டேன், அவள் மாட்டேன் என்றபோது நான்தான் போ என்றேன். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. பக்கத்து அறையில் இவர் இருந்தார். மாப்பிள்ளையை இனி அப்பா எப்படி மதிப்பார் என்று நினைத்தேன். அதையும்விட, அப்பா முன்னால் நல்ல பிள்ளையாகவே இருந்து பழகிவிட்டேன்.

"அவதாம்ப்பா ஆசைப்பட்டா" என்றேன்.

பொய் என்றும் சொல்ல முடியாது. அதுதான் அதில் இருந்த விஷம். அப்பா சரி என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் ஜீப்பில் ஏற மாட்டேன் என்று நடந்தே இறங்கிப் போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் பின்வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் தனத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை போளூர்க்காரர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், பூண்டும் உருளைக்கிழங்கும் விவசாயம். கெட்டவர் இல்லை. அதிகம் பேசாதவர், அவ்வளவுதான். போளூர் கொடைக்கானலுக்கும் அப்பால், மலைக்குள்ளே கிடக்கும் ஊர். பேச்சு அங்கே வந்து சேராது என்று அப்பா கணக்குப் போட்டிருப்பார். கல்யாணத்துக்கு மறுவாரம் தனத்துக்கு டீச்சர் வேலை உத்தரவு வந்தது. பழனியிலேயே, வீட்டிலிருந்து நடக்கிற தூரத்துப் பள்ளிக்கூடம். அந்தக் கவரை அம்மா போளூருக்கு அனுப்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று தம்பதியாக எங்கள் காலில் விழுந்து எழுந்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சில்லை. எஸ்டேட்டிலிருந்து கொடைக்கானல் போய், அங்கிருந்து ஒரு பகல் முழுக்க நடந்தால் போளூர். பிறகும் நாலு வருடம் அந்த மலையில் இருந்தேன், ஒரு தடவை போகவில்லை. கம்பெனி எஸ்டேட்டை விற்றது, புது முதலாளி தன் ஆட்களோடு வந்தார், இவருக்கு வேலை போயிற்று, சின்னதுரை இங்கே ஒரு சாக்ஸ் மில்லில் ஸ்டோர் கிளார்க்காக வந்து சேர்ந்தார். நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் விரிப்பு மடிக்கிறேன். பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி, கப்பல், ரயில் என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு இவ்வளவு தூரம் வரத் தெரிந்தது எனக்கு. போளூருக்குப் போகத் தெரியவில்லை.

5

சம்மதமில்லை என்று குறி போட்ட காகிதத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பதில் வந்தது. நேரில் வந்து பேச முடியுமா என்று ஜிம் டீச்சர் எழுதியிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து சோப்பு வாசனையோடு போனேன்.

நாற்பது வயதிருக்கும், கழுத்தில் விசில். என்னை உட்காரவைத்துச் சமாதானம் சொல்வாள் என்று நினைத்தேன். நேரே ஹாலுக்குக் கூட்டிப்போனாள். பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்றுகொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, யாரும் ஆடவும் இல்லை. நிற்கிறார்கள், பிடிக்கிறார்கள், விடுகிறார்கள், மறுபடி பிடிக்கிறார்கள். முதல் பாடம் இதுதான் என்றாள் டீச்சர். காலடிக்குப் பிறகு வருவோம் என்றாள். உங்களுக்குச் செய்து காட்டட்டுமா என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகே என்னைத் தொட்டாள்.

உங்கள் இடது கை கூட ஆடுபவனின் மேற்கையில் இருக்க வேண்டும், கழுத்தில் இல்லை என்றாள். முழங்கையைத் தளர விடாதீர்கள், அது உங்கள் வேலி. அவன் அளவுக்கு மேல் இழுத்தால், கொஞ்சம் தள்ளி என்று ஒரு தடவை சொல்லுங்கள், மெதுவாக, கோபமில்லாமல். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும், பாதிப் பேருக்குத் தாங்கள் இறுக்குவதே தெரியாது. அதற்கும் கேட்காவிட்டால் கையை எடுத்துவிட்டு நடந்துவிட வேண்டும். பாட்டு நடுவிலா என்று கேட்டேன். பாட்டு நடுவில்தான் என்றாள். வெட்கப்பட வேண்டியவன் அவன்.

என் இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக இல்லை. இருந்தாலும் கேட்டேன். பெரிய மனிதராக இருந்தால்? இருந்தால் என்ன என்றாள். கணவருடைய வேலை அவர் கையில் இருந்தால்?

என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெண்களை இடைவேளைக்கு அனுப்பினாள். பிறகு சொன்னாள். அப்படியென்றால் அந்தப் பெண்ணைச் சேர்ந்தவர்கள் எழுந்து போக வேண்டும். மன்னிக்க வேண்டும், இவளை ஒரு நிமிடம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அழைத்து வந்துவிட வேண்டும். டான்ஸில் பெரியவர்கள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

நாங்கள் டீ குடிக்க என்று நினைத்திருந்தோம்.

தனம் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறாள். யாரும் சொல்லித்தராமல் முழங்கையை விறைத்திருக்கிறாள், களைப்பு என்று மரியாதையாக மறுத்திருக்கிறாள், என்னிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். வேறு வழியில்லாதபோது பாட்டு நடுவில் கையை எடுத்துவிட்டு நடந்திருக்கிறாள். அந்த ஹாலில் அன்றைக்கு வெள்ளைக்காரர்களின் மரியாதை தெரிந்த ஒரே தமிழச்சி அவள்தான். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டது அதில் பாதி. மறு பாதியைத் துரைசானி எனக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றே மறைத்தாள் என்றும் நினைக்கவில்லை. அவளுக்கு அவள் அம்மா சின்ன வயதில் சொல்லியிருப்பாள். எனக்கும் அப்படி ஒரு அம்மா சொல்லியிருப்பாள் என்று நினைத்திருப்பாள். ஆனால் அன்றைக்கு ஹால் ஒதுங்கி வழிவிட்டதே, துரைசானி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லையே, அதையெல்லாம் பார்த்தும் எங்களுக்குப் புரியவில்லை. மானம் போனது எங்கள் கணக்கில் மட்டும்தான்.

பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். இந்த ஊரில் அழுகிறவளைப் பார்த்தால் ஜனங்கள் உடனே வானத்தை அண்ணாந்து பார்த்து மழை வருமா என்று யோசிப்பார்கள். அது ஒரு வசதி.

உமாவுக்கு வேறு காகிதம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள். நிறுத்தி வைத்து ஒன்று மட்டும் சொன்னேன். ஒருத்தர் பிடித்த பிடி சரியில்லை என்று நீ வந்து சொன்னால் அம்மா நம்புவேன்.

"தெரியும்மா" என்றாள், இதையெல்லாம் ஒருத்தி சொல்ல வேண்டுமா என்பது போல.

6

அன்றைக்கே அப்பாவுக்கு எழுதினேன். நீல ஏர்மெயில் காகிதத்தில் இடம் போதாமல் மடிப்பு ஓரங்களிலும் எழுதினேன். யார் கூட்டிட்டுப் போனது என்று கேட்டீர்கள், நான்தான் என்று ஆரம்பித்து, ஊசியிலிருந்து போ தனம் வரை ஒன்றையும் விடாமல் எழுதினேன். படித்துவிட்டுப் போளூருக்கு அனுப்பி வையுங்கள் என்று முடித்தேன். இவர் வாங்கிப் படித்தார். இனிமேல் என்னத்துக்கு இதெல்லாம் என்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு தானே தபாலாபீசுக்குக் கொண்டுபோனார். அவரும் அந்த டீ கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர்தானே.

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து, பொங்கலுக்கு முன்னால், தனத்தின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. அந்த டீச்சர் கையெழுத்து மாறவே இல்லை.

அப்பா என் கடிதத்தை எடுத்துக்கொண்டு தாமே போளூருக்குப் போயிருக்கிறார். இந்த வயதில், குளிரில், பாதி வழி நடந்து. மூன்று நாள் இருந்தாராம். இரண்டாம் நாள் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்து, "ஒங்கிட்ட கேக்காமப் போயிட்டேம்மா" என்றாராம். அவ்வளவுதான். அவளுக்கு இரண்டு பெண்கள், மூத்தாள் பிள்ளைகள் இரண்டு, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எழுத்துச் சொல்லித்தருகிறாள். உமா எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று கேட்டிருந்தாள். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்.

'நீ அப்பாவிடம் சொன்ன பொய் எனக்கு அப்போதே தெரியும் அக்கா. போ என்று நீ சொன்னதும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நீயும் பயந்துபோயிருந்தாய், மாமாவின் வேலை அப்படி. உன்மேல் எனக்கு இருந்த வருத்தம் வேறு. அன்றைக்கு ஹாலைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் உன் நாற்காலி எனக்கு நேராக வரும். வந்தபோதெல்லாம் உன்னைப் பார்த்தேன். வாய்விட்டுக் கூப்பிட முடியாது, பார்த்தால் எழுந்து வருவாய் என்று நினைத்தேன். நாலு சுற்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நானே நின்றேன்.'

இந்தக் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதவில்லை. லாண்டரியில் விரிப்பு மடிக்கும்போதெல்லாம் அந்த ஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். தரையில் போட்ட மெழுகின் வாசனை ஞாபகம் இருக்கிறது. துரைசானியின் தொப்பி ஞாபகம் இருக்கிறது. ஏஜெண்ட் கட்டியிருந்த டையின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. தனம் என்னைப் பார்த்தது மட்டும், நாலு சுற்றில் ஒரு தடவைகூட, எனக்கு ஞாபகம் இல்லை.